சேவை கேட்பவர்கள் கடனைப் பேசட்டும்

இளம் மருத்துவர்களுக்குச் சேவை மனப்பான்மை இல்லை என்பது இன்று ஒரு பொதுப்புலம்பலாகிவிட்டது. மருத்துவம் வணிகமாகிவிட்டது, கிராமத்துக்குப் போகச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள், பட்டம் வாங்கிய மறுநாளே காசு கொழிக்கும் துறையாகப் பார்த்து மேற்படிப்புக்கு ஓடுகிறார்கள் என்று அடுக்கிக்கொண்டே போகிறோம். செய்தித்தாள்களின் வாசகர் கடிதங்களில் இது வருகிறது. மேடைப் பேச்சுகளில் வருகிறது. இலக்கியக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும் நேரத்தில், சமூக அக்கறை மிகுந்த நம் நண்பர்களின் வாயிலிருந்தும் வருகிறது. சொல்பவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள் என்பதால்தான் பதில் எழுத வேண்டியிருக்கிறது.

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 20 லட்ச ரூபாய்க் கடனோடு கல்லூரியை விட்டு வெளியே வரும் ஓர் இளைஞர் எந்தத் துறையை, எந்த ஊரை, எந்த மருத்துவமனையைத் தேர்வது என்பதை அவருடைய மனசாட்சி தீர்மானிப்பதில்லை. மாதத் தவணை தீர்மானிக்கிறது. அந்தத் தவணையை உண்டாக்கிய ஏற்பாட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் அவருடைய குணத்தைப் பற்றி மட்டும் பேசுவது நேர்மையான பேச்சு ஆகாது.

நான் வசிக்கும் ரமணாசிரமம் பகுதியில் இந்தப் புலம்பலுக்கு ஓர் ஆன்மிகச் சாயலும் சேர்ந்துகொள்கிறது. ஆசிரமம் நடத்தும் இலவச மருந்தகத்தைச் சுட்டிக்காட்டி, மருத்துவம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்பார்கள். 1949இல் ரமணருக்கு இடக்கையில் புற்றுக்கட்டி வந்து ஒன்றன்பின் ஒன்றாக அறுவை சிகிச்சைகள் நடந்ததையும், ஆங்கில மருத்துவரும் ஆயுர்வேத மருத்துவரும் ஹோமியோபதி மருத்துவரும் இந்த ஊருக்கு வந்து போனதையும் நினைவுகூர்ந்து, ‘அந்தக் காலத்து டாக்டர்கள் எங்கே, இந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்கே’ என்று பெருமூச்சு விடுவார்கள்.

பெருமூச்சு விடுமுன் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். கட்டண வருவாயையே நம்பி நடக்கும் சுயநிதி மருத்துவக் கல்லூரி தமிழகத்தில் வேர்விட்டது 1980களில்தான். 1949இல் இந்த மலையடிவாரத்துக்கு வந்த மருத்துவர்கள் எவராயினும், அத்தகைய கல்லூரி ஒன்றுக்கு ஆண்டுதோறும் லட்சங்களைக் கட்டிவிட்டு வந்தவர்கள் அல்லர். அவர்களுடைய பெருந்தன்மையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பெருந்தன்மை காட்ட அவர்களுக்குக் கை கட்டப்படாமல் இருந்தது என்கிறேன்.

ரமணரின் வாழ்விலேயே கல்லூரிக் கட்டணம் வருகிறது என்பதை அவருடைய பக்தர்களே சில நேரம் மறந்துவிடுகிறார்கள். 1896 ஆகஸ்டு இறுதியில் மதுரையை விட்டுக் கிளம்பிய வேங்கடராமனுக்கு வழிச்செலவுக்குக் கிடைத்தது, அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்கென்று வைத்திருந்த 5 ரூபாயில் 3 ரூபாய். மீதி 2 ரூபாயையும், சம்பளம் இன்னும் கட்டப்படவில்லை என்ற தகவலையும் கடிதத்தோடு வைத்துவிட்டுத்தான் அவர் போனார். எல்லாவற்றையும் துறக்கப் புறப்பட்ட 16 வயதுச் சிறுவனுக்குக் கட்டணக் கணக்கு நினைவிருந்தது. சேவையைப் பற்றி உபதேசிக்கும் நமக்கு நினைவில்லை. செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலையை அடைந்ததும் கையில் எஞ்சியிருந்த காசை அவர் அய்யங்குளத்தில் எறிந்தார். காசை எறியலாம். கடன் பத்திரத்தைக் குளத்தில் எறிந்தால் வங்கிக்காரர் ஜாமீன் கையெழுத்திட்ட தகப்பனாரைத் தேடி வருவார்.

தமிழில் ‘கடன்’ என்ற சொல் கடமையையும் குறிக்கும், திருப்பித் தர வேண்டிய பணத்தையும் குறிக்கும். பழைய இலக்கியத்தில் முதற்பொருளே ஓங்கி நிற்கிறது. புறநானூற்றின் 312ஆம் பாடலை நம்மில் பலர் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். பொன்முடியார் பாடியது. ஒரு வீரன் உருவாவதற்கு யார் யார் என்னென்ன செய்ய வேண்டும் என்று அது வரிசைப்படுத்துகிறது. தாய்க்கு ஒரு கடமை, தந்தைக்கு ஒன்று, வேல் வடிக்கும் கொல்லனுக்கு ஒன்று, வேந்தனுக்கு ஒன்று. இந்த நான்கும் சொல்லப்பட்ட பிறகே ஐந்தாவதாக இளைஞனின் கடமை வருகிறது. வேந்தனின் கடமையைச் சொல்லுமிடத்தில் பாடவேறுபாடு உண்டு. நல்லொழுக்கம் தருவது என்று ஒரு பாடம் சொல்கிறது, வயல் சூழ்ந்த ஊரை அளிப்பது என்று மற்றொரு பாடம் சொல்கிறது. இரண்டில் எதைக் கொண்டாலும் கொடுக்க வேண்டியவன் வேந்தன்தான். இளைஞனே தன் வேலுக்குக் கடன் வாங்கிக்கொண்டு களத்துக்கு வரட்டும் என்று எந்தப் பாடமும் சொல்லவில்லை.

நாம் செய்திருப்பது என்ன? கொல்லனின் கடமையைச் சுயநிதிக் கல்லூரிக்கு விற்றுவிட்டோம். வேந்தனின் கடமையை வங்கிக்குக் கைமாற்றிவிட்டோம். தாய் தந்தையரின் கடமையை வீட்டுப் பத்திரமாக அடகு வைக்கச் செய்துவிட்டோம். ஐந்தாவது கடமையை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு, களிற்றை வீழ்த்தி வா என்று இளைஞனை ஏவுகிறோம்.

கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படிப்பவரின் ஆண்டுக் கட்டணம் 20,000 ரூபாய்க்குள் அடங்கும். அதே கலந்தாய்வில், சில மதிப்பெண்கள் குறைந்ததால் தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தவருக்கு அது 4.5 லட்சத்தை ஒட்டி வருகிறது. நிர்வாக ஒதுக்கீடு என்றால் 13 லட்சத்தைத் தாண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் 20 லட்சத்துக்கு மேலும் போகும். நான் இங்கே பேசுவது கோடிகளைக் கொடுத்து இடம் வாங்குபவர்களைப் பற்றி அன்று. நடுவில் மாட்டிக்கொண்ட அந்த அரசு ஒதுக்கீட்டு மாணவர்களைப் பற்றி.

என்னிடம் இளங்கலைத் தமிழ் படித்த ஒருவரின் தங்கை இவர்களில் ஒருவர். செங்கம் பக்கத்தில் மணிலாப் பயிர் வைக்கும் குடும்பம். அண்ணனை அரசுப் பள்ளியில் படிக்க வைத்த பெற்றோர், பெண் கெட்டிக்காரி என்று வயிற்றைக் கட்டித் தனியார் பள்ளியில் சேர்த்தார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அதனாலேயே அவருக்கு இல்லாமல் போயிற்று. தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தது. 7.5 லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக்கடனுக்கு வங்கி சொத்து ஈடு கேட்டது. நிலம் கூட்டுப் பட்டா. பெரியப்பா, சித்தப்பா வீடுகளுக்குத் தகப்பனார் எத்தனை முறை நடந்தார் என்பதை அண்ணன் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஆண்டுக்கு 4 லட்சம் வீதம் ஐந்து தவணைகளில் 20 லட்சம் கடன் என்று கொள்வோம். வட்டி 10 சதவீதம். படிப்பும் பயிற்சி மருத்துவ ஆண்டும் சேர்ந்து ஐந்தரை ஆண்டுகள், அதன்பின் ஓராண்டு அவகாசம். அந்தக் காலத்துத் தனிவட்டி மட்டும் சுமார் 9 லட்சம். ஆக, திருப்பிக் கட்டத் தொடங்கும் நாளில் கடன் 29 லட்சம். 15 ஆண்டுகளில் கட்டுவதென்றால் மாதத் தவணை ஏறத்தாழ 31,000 ரூபாய். கட்டி முடிக்கும்போது கொடுத்திருக்கும் மொத்தத் தொகை 56 லட்சம். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குப் படிப்புக் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2009 முதல் உண்டு என்பதை அறிவேன். அதற்கும் கடன் தொகையில் உச்சவரம்பு உண்டு. 20 லட்சத்தின் முழு வட்டியையும் அது தாங்காது.

இப்போது அந்தப் பெண்ணின் முன்னால் இருக்கும் வழிகளைப் பாருங்கள். அரசுப் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பு வரும்வரை காத்திருக்கலாம். அறிவிப்பு எப்போது வரும் என்று வங்கி காத்திருக்காது. சிறு நகரத்துத் தனியார் மருத்துவமனையில் இரவுப்பணி மருத்துவராகச் சேரலாம். அந்தச் சம்பளத்தில் பெரும்பகுதி தவணைக்கே போய்விடும். வேலையை விட்டுவிட்டு ஓராண்டு, ஈராண்டு உட்கார்ந்து மேற்படிப்பு நுழைவுத்தேர்வுக்குப் படிக்கலாம். அந்த ஈராண்டும் வட்டி உட்கார்ந்திருக்காது. சென்னையின் பெரிய மருத்துவமனை ஒன்றில் இரவுப்பணி பார்த்துக்கொண்டே பகலில் படிக்கலாம். அவர் இந்தக் கடைசி வழியைத்தான் எடுத்தார். குழந்தை மருத்துவம் அவருக்குப் பிடிக்கும். கதிரியக்கத் துறை கிடைத்தால் அதைத்தான் எடுப்பேன் என்கிறார். காரணம் கேட்டதற்கு, “பிடிச்சதைப் படிக்கிற வசதி எனக்கு இல்லைங்க சார்” என்றார். பேராசை பிடித்த தலைமுறையின் குரலாக அது எனக்குக் கேட்கவில்லை.

மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் என்று வள்ளுவர் வகுத்தார். நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர். இன்று சிகிச்சை அறையில் ஐந்தாவதாகக் கடன் கொடுத்தவரும் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். எந்தப் பரிசோதனையை எழுதுவது, நோயாளியை உள்நோயாளியாகச் சேர்ப்பதா வீட்டுக்கு அனுப்புவதா என்ற முடிவுகளில், வருவாய் இலக்கு வைக்கும் நிர்வாகத்திடம் ‘முடியாது’ என்று சொல்ல வேண்டிய நாள் எந்த மருத்துவருக்கும் வரலாம். வேலை போனாலும் பரவாயில்லை என்று சொல்லக்கூடியவர்தான் அந்த ‘முடியாது’வைச் சொல்ல முடியும். மாதம் 31,000 ரூபாய் கட்ட வேண்டியவரால் எளிதில் சொல்ல இயலாது. மாணவரின் கடன் கடைசியில் நோயாளியின் ரசீதில் வந்து விழுகிறது. ஆகவே இது மருத்துவம் படிப்பவர்களின் குடும்பப் பிரச்சினை மட்டும் என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

இதற்கு வழியே இல்லை, காலம் அப்படி என்பார்கள். வழி உண்டு என்பதற்குச் சிதம்பரம் சாட்சி. 1985இல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. பல்கலைக்கழகத்தை 2013இல் தமிழக அரசே தன் நிர்வாகத்தின்கீழ்க் கொண்டுவந்தது. ஆனால் கட்டணம் மட்டும் தனியார் கட்டணமாகவே நீடித்தது. எம்.பி.பி.எஸ். மாணவர் ஆண்டுக்கு 5.44 லட்சம் கட்டிக்கொண்டிருந்தார், அரசுக் கல்லூரி மாணவர் 13,610 ரூபாய் கட்டிய அதே காலத்தில். 2020 டிசம்பரில் மாணவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். கொரோனா காலம் அது. அதே மாணவர்களும் பயிற்சி மருத்துவர்களும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். ஐம்பது நாட்களுக்கு மேல் நீடித்த போராட்டத்தின் முடிவில், 2021 தொடக்கத்தில் கல்லூரி மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றப்பட்டுக் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆயிற்று. கட்டணம் நாற்பதில் ஒரு பங்காகக் குறைந்தது. அதே கட்டடம், அதே ஆசிரியர்கள், அதே பாடத்திட்டம். மாறியது வேந்தன் தன் கடமையை ஒப்புக்கொண்டது மட்டும்.

அந்த ஐம்பது நாட்களில் நம் இலக்கிய உலகம் என்ன எழுதியது? தமிழ் ஆய்வின் தாயகங்களில் ஒன்று அந்தப் பல்கலைக்கழகம். தமிழிசைக்கும் தமிழ் ஆராய்ச்சிக்கும் அது செய்ததைப் பற்றிக் கட்டுரைகள் எழுதிக் குவித்திருக்கிறோம். அதன் வாசலில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பற்றி எழுதியவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

எதிர்த்தரப்பின் வாதங்களையும் பார்த்துவிடலாம். முதல் வாதம்: கடன் வாங்கச் சொன்னது யார், வேறு படிப்பு படிக்கலாமே? படிக்கலாம். அப்படியானால் மருத்துவம் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பிறகு அந்தப் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் ஜவ்வாது மலைக்கு வந்து வைத்தியம் பார்ப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இரண்டாவது வாதம் கனமானது. அரசுக் கல்லூரியில் மிகக் குறைந்த கட்டணத்தில் படித்தவர்களும் பெருநகரத்துக்கும் வெளிநாட்டுக்கும் போகவில்லையா என்பது. போகிறார்கள். கடன் இல்லாத எல்லோரும் தொண்டர்களாகிவிடுவார்கள் என்று நான் வாதிடவில்லை. ஆனால் தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் இயங்குவது யாரால்? பணியிலிருக்கும் அரசு மருத்துவர்களுக்கு மேற்படிப்பில் தனி ஒதுக்கீடு தருவது என்ற ஏற்பாட்டை இம்மாநிலம் நெடுங்காலம் பேணியது. கிராமத்தில் சில ஆண்டுகள் உழைத்தவருக்கு நிபுணராகும் வாசல் திறந்தது. அகில இந்திய விதிகளின் பெயரால் அந்த ஏற்பாடு சிக்கலுக்குள்ளானபோது மருத்துவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு, அத்தகைய ஒதுக்கீட்டை அளிக்க மாநிலங்களுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. மனிதர்களின் நற்குணத்தை மட்டும் நம்பாமல், நற்செயலுக்கு ஒரு வழி அமைத்துக் கொடுத்த ஏற்பாடு அது. நமக்குத் தேவை அதைப் போன்றவைதான்.

மூன்றாவது வாதம், எல்லாவற்றுக்கும் அரசு எப்படிப் பணம் கொடுக்கும் என்பது. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரிகளில் சேரும் அரசுப் பள்ளி மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று 2020 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் அதுவும் முடியாத காரியம் என்றே கருதப்பட்டது. நம் ஊரிலேயே 2013இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் தமிழகத்தில் திறக்கப்பட்டன. பக்கத்திலுள்ள கள்ளக்குறிச்சியும் கிருஷ்ணகிரியும் அவற்றில் அடக்கம். பணம் இல்லை என்பது பல நேரங்களில் மனம் இல்லை என்பதன் நாகரிகமான வடிவம்.

அரசு மட்டும்தான் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் வேலூர் சி.எம்.சி. இருக்கிறது. ஐடா ஸ்கடர் தொடங்கிய அந்த நிறுவனம் அரசுடையது அன்று. ஆனாலும் எம்.பி.பி.எஸ். கட்டணத்தைப் பெயரளவுக்கே வைத்திருக்கிறது. பதிலுக்கு, திருச்சபைகளின் பரிந்துரையில் சேர்ந்த மாணவர்கள் படிப்பு முடிந்ததும் சொல்லும் இடத்தில், பெரும்பாலும் சிற்றூர் மருத்துவமனைகளில், ஈராண்டு பணியாற்றுகிறார்கள். முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு கேட்கிறார்கள். நாம் ஒன்றும் கொடுக்காமல், வட்டியும் வாங்கிக்கொண்டு கேட்கிறோம்.

உலகில் வேறு முறைகளும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 1989 முதல் கல்விக் கட்டணக் கடனை, வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகே வரியோடு சேர்த்துப் பிடிக்கிறார்கள். தவணை வருமானத்தைப் பின்தொடர்ந்து வருகிறது, முன்னால் நின்று மிரட்டுவதில்லை. அமெரிக்காவில் 2007இல் வந்த சட்டப்படி, அரசு அல்லது அறப்பணி நிறுவனத்தில் பணியாற்றியபடி பத்தாண்டுகளுக்குரிய 120 தவணைகளைக் கட்டியவருக்கு எஞ்சிய கூட்டாட்சி அரசுக் கடன் தள்ளுபடியாகிறது. முதலாளித்துவத்தின் கோட்டை என்று நாம் வையும் நாட்டில்கூடப் பொதுப்பணியைக் கடனுக்கு ஈடாக ஏற்கிறார்கள்.

சட்டமும் நீதிமன்றமும் நம் பக்கம் இல்லாமல் இல்லை. நன்கொடை வசூலைத் தடைசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1992 முதல் இருக்கிறது. தனியார் கல்லூரிகளில் பாதி இடங்களுக்கு அரசுக் கல்லூரிக் கட்டணமே வாங்க வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 பிப்ரவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில், ஆந்திராவில் ஆண்டுக் கட்டணத்தை 24 லட்சமாக உயர்த்தியதை ரத்துசெய்த தீர்ப்பை உறுதிப்படுத்திய உச்ச நீதிமன்றம், கல்வி லாபம் ஈட்டும் தொழில் அன்று என்று தெளிவாகச் சொன்னது. இவற்றையெல்லாம் நடைமுறைப்படுத்தக் கேட்கும் குரல்கள்தாம் போதவில்லை. நம் குரல், பிள்ளைகளைக் கடிந்துகொள்வதில் தீர்ந்துபோகிறது.

என் கோரிக்கைகள் மூன்று. தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு அரசுக் கல்லூரிக் கட்டணமே இருக்க வேண்டும், வித்தியாசத்தை அரசு ஏற்க வேண்டும். இது வரும்வரை, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ வட்டார மருத்துவமனையிலோ பணியாற்றும் ஒவ்வோர் ஆண்டுக்கும் கல்விக்கடனில் ஒரு பங்கை அரசு அடைக்க வேண்டும். கிராமத்துக்குப் போ என்று சொல்வதற்கு அப்போதுதான் நமக்கு வாய் வரும். மூன்றாவதாக, பயிற்சி முடித்த ஓராண்டில் தவணையைத் தொடங்கும் விதி மாறி, வேலையும் வருமானமும் அமைந்த பிறகே வசூல் தொடங்க வேண்டும்.

பெற்றோருக்கும் மாணவர்களுக்கும் ஒரு சொல். கலந்தாய்வு நாளின் பரபரப்பில் கையெழுத்திடாதீர்கள். கட்டணத்தோடு விடுதி, உணவு, நூல்கள் எல்லாவற்றையும் கூட்டி, படிப்புக் காலத்து வட்டியையும் சேர்த்து, ஆறரை ஆண்டு கழித்து மாதத் தவணை எவ்வளவு வரும் என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். எம்.பி.பி.எஸ். மருத்துவரின் தொடக்கச் சம்பளத்தை அந்த ஊரிலேயே விசாரியுங்கள். மேற்படிப்புக்கு ஆகும் ஆண்டுகளையும் கணக்கில் சேருங்கள். அடுத்த ஆண்டு மீண்டும் எழுதி அரசு இடம் பெறும் வாய்ப்பு இருந்தால், அந்த ஓர் ஆண்டு 15 ஆண்டுத் தவணையைவிடச் சிறியது. இப்படிக் கணக்குப் பார்ப்பது மருத்துவத் தொழிலுக்கு இழுக்கு என்று யாராவது சொன்னால், உங்கள் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவாரா என்று அவரைக் கேளுங்கள்.

இலக்கிய நண்பர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உழவரின் கடனையும் நெசவாளரின் கடனையும் நம் புனைகதை எழுதியிருக்கிறது, அவர்களைப் பழித்து அன்று, கடன் கொடுத்தவரின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டி. வெள்ளை அங்கி போட்டிருப்பதால் இவர்களுடைய கடன் நம் கண்ணுக்குத் தெரியாமல் போகலாகாது. அடுத்த முறை நம் கூட்டத்தில் ஒருவர் எழுந்து இளம் மருத்துவர்களின் சேவை மனப்பான்மையைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அவர்களில் ஒருவருடைய மாதத் தவணை எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியுமா என்று யாராவது கேட்க வேண்டும். பதில் தெரிந்தவர் மேற்கொண்டு பேசட்டும்.